குறும்பார்வையும் மூக்குக்கண்ணாடியும்: விழித்திரையின் ஓரத்தில் நடப்பது என்ன?

வகுப்பின் பின்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி, கரும்பலகையில் எழுதப்படுவதைப் பக்கத்தில் இருப்பவளின் கொப்பியைப் பார்த்தே எழுதுகிறாள். புத்தகம் வாசிப்பதில் அவளுக்கு இடர்ப்பாடு எதுவும் இல்லை. கண் வைத்தியர் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் "கண்ணாடி போடத் தொடங்கினால் வருஷா வருஷம் நம்பர் கூடிக்கொண்டுதான் போகும். போடாமல் பழகு பிள்ளை" என்று வீட்டில் அம்மம்மா சொல்கிறார். கண்ணாடி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

இத்தகைய மாணவர்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அம்மம்மா கண்ணால் கண்டது பொய்யன்று. கண்ணாடி அணியும் பிள்ளைகள் பலருக்கு அதன் வலு ஆண்டுதோறும் கூடுகிறது. ஆனால் அதற்குக் காரணம் கண்ணாடிதானா? இவ்வினாவுக்கு விடை காண, பாடத்தில் நாம் கற்ற கதிர்ப்படத்தை விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து அதன் ஓரப்பகுதிக்கும் விரித்துப் பார்க்க வேண்டும்.

1. கண்ணில் விம்பம் தோன்றுதல் (மீட்டல்)

கண்ணினுள் புகும் ஒளி முதலில் விழிவெண்படலத்திலும் பின்னர் கண்வில்லையிலும் முறிவடைந்து விழித்திரையில் குவிகின்றது. கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்ரர் ஆகும். இதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானது, அதாவது ஏறத்தாழ 43 டயொப்ரர், விழிவெண்படலத்தினாலேயே கிடைக்கின்றது. கண்வில்லையின் சிறப்பு யாதெனில், அதன் தடிப்பை மாற்றிக்கொள்ள முடிவதாகும். அண்மையிலுள்ள பொருளைப் பார்க்கும்போது பிசிர்த்தசைகள் சுருங்கி, தாங்கும் இணையங்கள் தளர்ந்து, வில்லை தடிப்படைகின்றது. சேய்மையிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இதற்கு மாறாக நடைபெறுகின்றது.

வளர்ந்த ஒருவரின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. நீளமுடையது. பிறந்த குழந்தையின் கண் ஏறத்தாழ 17 மி.மீ. நீளமே உடையது. எனவே பிள்ளைப் பருவத்தில் கண்கோளம் வளர்கின்றது. அவ்வாறு வளரும்போது அதன் நீளம், வில்லைகளின் வலுவுக்குப் பொருத்தமாக அமைய வேண்டும். இந்தப் பொருத்தம் தவறுவதே நாம் கற்கும் குறைபாடுகள் பலவற்றுக்கு அடிப்படையாகும்.

2. குறும்பார்வையும் அதன் திருத்தமும்

கண்கோளம் அளவுக்கு மீறி நீண்டால், சேய்மையிலிருந்து வரும் சமாந்தரக் கதிர்கள் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். விழித்திரையை அடையும்போது அவை மீண்டும் விரிந்திருப்பதால் விம்பம் தெளிவற்றதாகத் தோன்றும். இதுவே குறும்பார்வை எனப்படும். கண்ணின் நீளம் 1 மி.மீ. கூடினால் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயொப்ரர் வரையான குறும்பார்வை ஏற்படும். ஒரு மில்லிமீற்றர் என்பது உங்கள் அடிமட்டத்தில் உள்ள மிகச் சிறிய பிரிவாகும் என்பதை நினைவிற் கொள்க.

இதைத் திருத்துவதற்குக் குழிவு வில்லை பயன்படுத்தப்படும். அது கதிர்களைச் சற்று விரித்துக் கண்ணுக்கு அனுப்புவதால் குவியும் இடம் பின்தள்ளப்பட்டு விழித்திரையில் அமைகின்றது.

உதாரணம்: ஒரு மாணவனால் 50 சென்ரிமீற்றருக்கு அப்பாலுள்ள பொருள்களைத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. அவனுக்குத் தேவையான வில்லையின் வலு யாது? (கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான தூரத்தைப் புறக்கணிக்க.)

சேய்மைப் புள்ளி = 50 செ.மீ. = 0.5 மீ.
முடிவிலியிலுள்ள பொருளின் விம்பம் 0.5 மீ. தூரத்தில் தோன்ற வேண்டும். ஆகவே குவியத்தூரம் = −0.5 மீ.
வலு = 1 ÷ குவியத்தூரம் (மீற்றரில்) = 1 ÷ (−0.5) = −2 டயொப்ரர்

கடைக்காரர் "நம்பர் இரண்டு" என்று சொல்வது இதனையே ஆகும். சய அடையாளம் அது குழிவு வில்லை என்பதைக் காட்டுகின்றது.

பாடத்திட்டத்துக்கு இவ்வளவு போதுமானது. ஆனால் மேற்கூறிய கதிர்ப்படத்தில் நாம் கண்ணின் அச்சு வழியே வரும் கதிர்களை மட்டுமே வரைந்தோம். பக்கவாட்டிலிருந்து வரும் கதிர்களுக்கு என்ன நடக்கின்றது?

3. விழித்திரையின் நடுவும் ஓரமும்

செய்து பாருங்கள்: இப்பக்கத்தின் நடுவிலுள்ள ஓர் எழுத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், அவ்வெழுத்திலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு அப்பாலுள்ள சொல்லை வாசிக்க முயலுங்கள். அங்கு ஏதோ எழுதப்பட்டிருப்பது தெரியும்; என்ன எழுத்து என்பது தெரியாது.

இதற்குக் காரணம் யாது? கூம்புக் கலங்கள் மஞ்சட்பொட்டில், அதிலும் அதன் நடுவிலுள்ள சிறு குழிவில், மிக நெருக்கமாக அமைந்துள்ளன. எழுத்து வாசித்தல், ஊசியில் நூல் கோத்தல் போன்ற நுண்ணிய வேலைகள் எல்லாம் இச்சிறிய இடத்தினாலேயே நடைபெறுகின்றன. விழித்திரையின் மிகுதிப் பகுதி பெரும்பாலும் கோற்கலங்களைக் கொண்டது. வீதியைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் பஸ்ஸின் அசைவை உணர்த்துவது இப்பகுதியே. இது புறப்பார்வை எனப்படும்.

கண் பரிசோதனையில் நாம் எழுத்து அட்டையை வாசிப்பது நடுப்பார்வையினாலாகும். கண்ணாடியின் வலுவும் அதற்கேற்பவே தீர்மானிக்கப்படுகின்றது. ஓரத்தில் விம்பம் எங்கே விழுகின்றது என்பது அங்கு அளக்கப்படுவதில்லை.

4. சாதாரண கண்ணாடி அணிந்த கண்ணின் ஓரத்தில்

இதனை விளங்கிக்கொள்ள இரு கிண்ணங்களை நினைத்துக் கொள்ளுங்கள். விழித்திரை தட்டையான திரை அன்று. அது கிண்ணம் போல் வளைந்தது. வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் ஒளி குவியும் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் அவையும் ஒரு வளைந்த பரப்பாகவே அமையும். இதனை விம்பக் கிண்ணம் என்று கொள்வோம். இயல்பான கண்ணில் இவ்விரு கிண்ணங்களும் ஏறத்தாழப் பொருந்தி இருக்கும்.

குறும்பார்வையுள்ள கண் பெரும்பாலும் பக்கவாட்டிலும் பார்க்க முன்பின்னாகவே அதிகம் நீள்கின்றது. பந்து வடிவம் முட்டை வடிவத்தை நோக்கி மாறுகின்றது. எனவே விழித்திரைக் கிண்ணம் ஆழமானதாகின்றது. இப்போது குழிவு வில்லையை அணிந்தால் விம்பக் கிண்ணம் முழுவதும் பின்தள்ளப்பட்டு, இரண்டின் அடிப்பகுதிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆழமான ஒடுங்கிய கிண்ணம் ஒன்றை அகன்ற கிண்ணத்தினுள் வைத்தது போன்ற நிலை இதுவாகும். அடி தொடுகின்றது, ஆனால் சுற்றிவர இடைவெளி இருக்கின்றது.

உள்ளே இருப்பது விழித்திரை. வெளியே இருப்பது விம்பப் பரப்பு. அதாவது, நடுவில் விம்பம் சரியாக விழித்திரையில் விழ, ஓரத்தில் அது விழித்திரைக்குப் பின்னால் அமைகின்றது. கரும்பலகை தெளிவாகத் தெரியும் அதே வேளையில், விழித்திரையின் ஓரம் சிறிய அளவில் "நீள்பார்வை" நிலையில் இருக்கின்றது.

மாணவர்கள் இங்கு குழம்பக்கூடாது. குறும்பார்வையில், கண்ணாடி அணியாத நிலையில், விம்பம் விழித்திரைக்கு முன்னால் என்பதே சரியான விடை. "பின்னால்" என்பது கண்ணாடி அணிந்த பின் ஓரப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

5. வளரும் கண்ணுக்கு யார் கட்டளை இடுவது?

ஓரத்திலுள்ள விம்பம் தெளிவற்றிருந்தால் என்ன, அங்கு நாம் எழுத்து வாசிப்பதில்லையே என்று கேட்கலாம். விலங்குகளில் செய்யப்பட்ட பரிசோதனைகள் இதற்கு எதிர்பாராத விடையைத் தந்தன.

(அ) 1977 இல் விசெல், ரவியோலா ஆகியோர், இமை தைத்து மூடப்பட்ட குரங்குக் குட்டியின் கண் நீண்டு குறும்பார்வை உடையதாவதை அறிவித்தனர். தெளிவான விம்பம் கிடைக்காமை கண்ணின் வளர்ச்சியை மாற்றுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

(ஆ) கோழிக்குஞ்சுகளுக்குக் குழிவு வில்லை பொருத்தி விம்பத்தை விழித்திரைக்குப் பின்னால் தள்ளியபோது, கண் அதை எட்டிப் பிடிப்பது போல் நீண்டு வளர்ந்தது. குவிவு வில்லை பொருத்தியபோது கண்ணின் நீட்சி குறைந்தது.

(இ) கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பைத் துண்டித்த பின்னரும் கோழிக்குஞ்சில் இத்தகைய நீட்சி நடைபெற்றது. எனவே மூளையின் கட்டளை இன்றியே விழித்திரை வளர்ச்சியை மாற்றக்கூடியது.

(ஈ) 1987 இல் வால்மனும் அவரது குழுவினரும், கோழிக்குஞ்சின் பார்வைப் புலத்தின் ஒரு பாதியை மட்டும் மங்கலாக்கினர். கண்ணின் அப்பாதிக்குரிய பகுதி மட்டுமே நீண்டது. விழித்திரையின் ஒவ்வொரு பகுதியும் தன் அருகிலுள்ள சுவரின் வளர்ச்சியைப் பாதிக்கின்றது என்பது இதன் கருத்தாகும்.

(உ) அமெரிக்காவின் ஹூஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஏள் சிமித்தும் அவரது குழுவினரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், நடுவில் துளையுள்ள மங்கல் கண்ணாடி குரங்குக் குட்டிகளுக்கு அணிவிக்கப்பட்டது. நடுப்பார்வை தெளிவாக இருந்தும், ஓரம் மங்கலாக இருந்தமையால் பல கண்கள் குறும்பார்வையை நோக்கிச் சென்றன. 2009 இல், நடுவில் 6 மி.மீ. துளையுள்ள −3 டயொப்ரர் வில்லைகளைக் கொண்டு ஓர விம்பத்தைப் பின்தள்ளியபோதும் அத்தகைய விளைவே கிடைத்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கருதுகோள் உருவாகின்றது: விம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழுவது கண்ணுக்கு "இன்னும் வளர்" என்ற சைகையாகவும், முன்னால் விழுவது "போதும்" என்ற சைகையாகவும் அமையலாம். விழித்திரையின் பெரும்பகுதி ஓரத்திலேயே இருப்பதால் ஓரத்தின் சைகையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

6. காரணமா, விளைவா?

கருதுகோள் என்பது முடிந்த முடிபு அன்று. 1971 இல் ஒல்லாந்தில் விமானிகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஓரத்தில் நீள்பார்வை நிலை உடையவர்களுக்கே பின்னர் குறும்பார்வை அதிகம் ஏற்பட்டதாகக் காட்டுவது போல் பல காலம் எடுத்துரைக்கப்பட்டது. 2012 இல் அவ்வறிக்கையை மீள ஆராய்ந்தவர்கள், ஓர அளவீடுகள் குறும்பார்வை ஏற்படுமுன் எடுக்கப்பட்டவை என்று கொள்வது தவறாக இருக்கலாம் எனச் சுட்டிக்காட்டினர். அவ்வாறாயின் ஓர நிலை காரணமன்று. நீண்ட கண்ணின் விளைவாகவும் இருக்கலாம். 2011 இல் வெளியான அமெரிக்கச் சிறுவர்கள் பற்றிய பெரிய ஆய்வொன்றும், ஓரத்தின் நிலையை மட்டும் கொண்டு எப்பிள்ளைக்குக் குறும்பார்வை வரும் என்று எதிர்வுகூற இயலாது என்றே கண்டது.

இரு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. அம்மம்மாவின் கூற்றுக்கும் இவ்விதியே பொருந்தும். பாதம் வளர்வதால் சப்பாத்தின் அளவு கூடுகின்றது. சப்பாத்து அணிவதால் பாதம் வளர்வதில்லை. கண்ணாடியின் வலு கூடுவதற்கும் முதன்மையான காரணம், பிள்ளைப் பருவத்தில் கண் தொடர்ந்து நீள்வதே ஆகும். கண்ணாடி அணிய நேர்ந்தது அந்நீட்சி தொடங்கிய பின்னரே என்பதைக் கவனிக்க.

7. ஓரத்தைக் கருத்திற் கொண்ட புதிய வில்லைகள்

ஓர விம்பம் முக்கியமானதாயின், அதனை முன்னால் கொண்டுவரும் கண்ணாடி கண்ணின் நீட்சியைக் குறைக்குமா? ஹொங்கொங் பல்தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இது பரிசோதிக்கப்பட்டு 2019 இல் முடிவுகள் வெளியிடப்பட்டன.

அவ்வில்லையின் நடுவில் 9 மி.மீ. விட்டமுள்ள பகுதி வழக்கமான வலுவை உடையது. அதனைச் சுற்றி ஏறத்தாழ 400 நுண்வில்லைகள் தேன்கூடு போல் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. விட்டமும், சுற்றியுள்ள வில்லையிலும் பார்க்க +3.5 டயொப்ரர் அதிக வலுவும் கொண்டது. நுண்வில்லைகளுக்கு இடையாகச் செல்லும் ஒளி தெளிவான பார்வையைத் தருகின்றது. நுண்வில்லைகளினூடாகச் செல்லும் ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிகின்றது.

8 முதல் 13 வயது வரையான பிள்ளைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்த 160 பேரின் சராசரி முடிவுகள் வருமாறு:

சாதாரண கண்ணாடி: குறும்பார்வை அதிகரிப்பு 0.85 டயொப்ரர், கண்ணின் நீட்சி 0.55 மி.மீ.
நுண்வில்லைக் கண்ணாடி: குறும்பார்வை அதிகரிப்பு 0.41 டயொப்ரர்; கண்ணின் நீட்சி 0.21 மி.மீ.

இங்கு மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நீட்சி குறைந்ததே தவிர முற்றாக நிற்கவில்லை. இரண்டாவது, ஏற்கெனவே நீண்டுவிட்ட கண் இதனால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மூன்றாவது, நுண்வில்லைகள் ஓர விம்பத்தை முன்தள்ளுவதால் மட்டுமா, அல்லது விம்பத்தின் வேறு இயல்புகளை மாற்றுவதாலுமா பயன் தருகின்றன என்பது இன்னமும் ஆராயப்படுகின்றது. இவ்வகைக் கண்ணாடிகள் சாதாரண கண்ணாடியிலும் விலை கூடியவை. அவை ஒருவருக்குத் தேவையா என்பதைக் கண் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நீட்சியைக் குறைப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? கண் நீளும்போது விழித்திரையும் இழுபட்டு மெல்லியதாகின்றது. 6 டயொப்ரருக்கு மேற்பட்ட கடுங்குறும்பார்வை உடையவர்களுக்கு, பிற்காலத்தில் விழித்திரை கழன்று விடுதல், மஞ்சட்பொட்டுப் பாதிப்பு, கண் நீரழுத்த நோய் ஆகியன ஏற்படும் வாய்ப்பு அதிகம். எனவே பிள்ளைப் பருவத்தில் தவிர்க்கப்படும் ஒவ்வொரு டயொப்ரரும் பயனுள்ளதே.

8. அப்படியாயின் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாமா?

கூடாது. சாதாரண கண்ணாடி ஓர விம்பத்தைத் திருத்தாமல் விடுகின்றது என்பதிலிருந்து, கண்ணாடியே வேண்டாம் என்ற முடிவு பெறப்படுவதில்லை.

வேண்டுமென்றே வலுவைக் குறைத்துக் கொடுத்தால் குறும்பார்வை கூடாது என்ற எண்ணம் வைத்தியர்கள் சிலரிடமும் இருந்தது. மலேசியாவில் 9 முதல் 14 வயது வரையான 94 பிள்ளைகளிடம் இது பரிசோதிக்கப்பட்டு 2002 இல் முடிவு வெளியானது. ஒரு குழுவினருக்கு முழு வலுவும், மற்றக் குழுவினருக்கு ஏறத்தாழ 0.75 டயொப்ரர் குறைவான வலுவும் கொடுக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் முழு வலு அணிந்தவர்களின் குறும்பார்வை சராசரியாக 0.77 டயொப்ரரும், குறைந்த வலு அணிந்தவர்களின் குறும்பார்வை 1.00 டயொப்ரரும் அதிகரித்தன. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் கண்ணாடியைக் கழற்றி வைப்பது குறும்பார்வையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கரும்பலகை தெரியாமற்போவதோ உறுதியான இழப்பு.

9. செலவில்லாத ஒரு பாதுகாப்பு

சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளாந்தம் 40 நிமிட வெளிப்புறச் செயற்பாடு மேலதிகமாகச் சேர்க்கப்பட்டது. 2015 இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் அப்பாடசாலைகளில் 30.4 சதவீதமான பிள்ளைகளுக்குக் குறும்பார்வை புதிதாக ஏற்பட்டது. வழமைபோல் இயங்கிய பாடசாலைகளில் இது 39.5 சதவீதமாக இருந்தது. தாய்வானில் 2010 முதல், நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் பாடசாலைகளில் ஊக்குவிக்கப்பட்டது.

வெளியிலுள்ள பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் சுரப்பைக் கூட்டிக் கண்ணின் நீட்சியைக் குறைக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஆகவே பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலும் பின்னேர விளையாட்டை முற்றாக நிறுத்த வேண்டாம். புத்தகத்தையும் கைத்தொலைபேசியையும் கண்ணிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத தூரத்தில் வைத்திருங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது யன்னலுக்கு வெளியே தூரத்திலுள்ள மரத்தைச் சிறிது நேரம் பாருங்கள். ஆனால் சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• குறும்பார்வையில் கண்கோளம் நீண்டு, விம்பம் விழித்திரைக்கு முன்னால் குவியும். குழிவு வில்லையால் திருத்தலாம்.
• சாதாரண கண்ணாடி நடுப்பார்வையை முழுமையாகத் திருத்தும். ஓரத்தில் விம்பம் பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால் அமையும்.
• ஓர விம்பம் கண்ணின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என விலங்குப் பரிசோதனைகள் காட்டுகின்றன. மனிதரில் அது எவ்வளவு பங்கு வகிக்கின்றது என்பது இன்னும் ஆராயப்படுகின்றது.
• கண்ணாடியைக் கழற்றி வைப்பது தீர்வன்று.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு மாணவியின் சேய்மைப் புள்ளி 40 சென்ரிமீற்றர் ஆகும். அவளுக்குத் தேவையான வில்லையின் வகையையும் வலுவையும் காண்க.
2. −1.25 டயொப்ரர் வில்லையின் குவியத்தூரம் யாது?
3. ஹொங்கொங் ஆய்வில் கண்ணின் நீட்சி எத்தனை சதவீதத்தால் குறைந்தது?
4. பார்வை நரம்பு துண்டிக்கப்பட்ட பின்னரும் கோழிக்குஞ்சின் கண் நீண்டது. இதிலிருந்து பெறக்கூடிய முடிவு யாது?
5. "கண்ணாடி அணிந்தவர்களின் வலு கூடுகின்றது. ஆகவே கண்ணாடியே குறும்பார்வையைக் கூட்டுகின்றது." இத்தருக்கத்தில் உள்ள தவறைக் குறிப்பிடுக.

விடைகள்

1. குழிவு வில்லை, 1 ÷ (−0.4) = −2.5 டயொப்ரர்.
2. 1 ÷ (−1.25) = −0.8 மீ. அதாவது 80 செ.மீ. (குழிவு வில்லை).
3. (0.55 − 0.21) ÷ 0.55 × 100 = ஏறத்தாழ 62 சதவீதம்.
4. மூளையின் கட்டளை இன்றியே விழித்திரை கண்ணின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது.
5. ஒன்றாக நிகழ்வன யாவும் காரணமும் விளைவும் ஆகா. கண் தொடர்ந்து நீள்வதே வலு கூடக் காரணமாகும். கண்ணாடியின் விளைவை அறிய, மலேசிய ஆய்வைப் போல் இரு குழுக்களை ஒப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும்.

ஐந்தாம் வினாவின் விடையை எழுதிப் பழகிய பின், அதனை வீட்டிலும் ஒரு முறை எடுத்துச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கண்ணாடி வெளியே வந்தால், இப்பாடத்தின் பயன் புள்ளிகளுக்கு அப்பாலும் செல்லும்.